பத்துப்பாத்திரமும் புது மிஷினும்

கோயமுத்தூர்,
ஞாயிறு இரவு

அன்புக் கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. டிஷ்வாஷர் வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, தவணை இன்னும் பாதி பாக்கி. ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறந்தால் கரண்டியில் பருப்பு காய்ந்து ஒட்டியிருக்கிறது, கண்ணாடி டம்ளரெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கிறது. "அத்தனையும் எடுத்து மறுபடி சிங்க்கில் போட்டுத் தேய்ச்சேன் பெரியம்மா" என்று சொல்லும்போது உன் குரல் உடைந்துவிட்டது. எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்தவளுக்கு அது எத்தனை பெரிய ஏமாற்றம் என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷம் முன்பு நானும் அதே இடத்தில் நின்றேன்.

திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாய். ஒரு மாதம் பொறு. அந்த மிஷின் உன் வீட்டுத் தண்ணீரையும் உன் வீட்டுப் பாத்திரத்தையும் மனதில் வைத்துச் செய்ததல்ல. இரண்டையும் அதற்குப் பழக்கிவிட வேண்டியிருக்கிறது. மாட்டிவிட்டுப் போன ஆள் பிளக்கைச் சொருகி, ஒரு தடவை ஓட்டிக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருப்பார். மீதி வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

முதலில் தண்ணீர். எங்கள் வீட்டில் நல்ல தண்ணிக்கு ஒரு குழாய், உப்புத் தண்ணிக்கு ஒரு குழாய் என்பது உனக்கே தெரியும். மிஷினை மாட்ட வந்தவர் கைக்கு எட்டிய போர் தண்ணீர்க் குழாயில் இணைத்துவிட்டுப் போய்விட்டார். மூன்றே வாரத்தில் டம்ளர்கள் பனி மூடியது போல ஆயின. ஒருநாள் பாதி எலுமிச்சம்பழத்தை எடுத்து ஒரு டம்ளரின் ஒரு பக்கத்தில் மட்டும் தேய்த்து, ஒரு நிமிஷம் விட்டு அலசினேன். தேய்த்த இடம் பளிச்சென்று இருந்தது, தேய்க்காத இடம் வெளுப்பாகவே நின்றது. முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்ட கடின நீர்ப் பாடம் அந்த டம்ளரில் இருந்தது. கால்சியமும் மெக்னீசியமும் சூட்டில் படிந்து கல்லாகியிருந்தன. நீயும் இதைச் செய்து பார். எலுமிச்சையில் வெளுப்பு போனால் அது படிவு, சரிசெய்துவிடலாம். போகவில்லையென்றால் கண்ணாடியே அரித்துவிட்டது என்று பொருள். அது திரும்பாது, அந்த டம்ளர்களை இனி உள்ளே வைக்காதே.

எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் இருந்தது, குழாயை மாற்றியதும் பாதித் தொல்லை தீர்ந்தது. உனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மேடவாக்கத்தில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலந்து வருகிறது. ஆர்.ஓ. மாட்டியவர் பேனா மாதிரி ஒரு மீட்டரை நனைத்து 900 என்று சொன்னதாகச் சொன்னாயே, அது டி.டி.எஸ்., கரைந்திருக்கும் எல்லாவற்றின் மொத்தக் கணக்கு. மிஷினுக்கு வேண்டியது கடினத்தன்மை மட்டும். மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடையில் அதற்கான சோதனைப் பட்டை கிடைக்கும், வாங்கி நனைத்துப் பார். குடிநீருக்கு நம் நாட்டுத் தரக்கட்டுப்பாடு சொல்லும் கடினத்தன்மை அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது. உன் தொட்டித் தண்ணீர் இதில் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் மிஷினில் சரியான எண்ணை வைக்க முடியும். கோடையில் லாரி அதிகமாக வரும்போது ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை என்று வருஷத்துக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்.

மிஷினின் அடியில் உப்புக்கென்று ஒரு அறை இருக்கிறது. "டேப்லெட்லயே எல்லாம் இருக்குன்னு போட்டிருக்கு, உப்பு எதுக்கு" என்று நீ கேட்டாய். மென்மையான தண்ணீருக்கு அது போதும், உன் தண்ணீருக்குப் போதாது. உள்ளே ரெசின் என்று சின்னச் சின்ன மணிகள் இருக்கின்றன. அவை கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை விட்டுக்கொடுக்கும். பிடித்துப் பிடித்து நிறைந்துபோனால் உப்புக் கரைசல் வந்து அலசித்தான் அவற்றை மறுபடி தயாராக்க வேண்டும். கடினத்தன்மை எண்ணைக் குறைவாக வைத்தால் இந்த அலசல் போதாமல் போகும், உப்பு இருந்தும் பிரயோஜனமில்லை. என் மிஷின் கடையில் வைத்த எண்ணிலேயே மூன்று மாதம் ஓடிக்கொண்டிருந்தது. கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, நீயே மாற்று. முதல் தடவை என்றால் அந்த அறை நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு அப்புறம் உப்பைக் கொட்டு. சமையல் தூள் உப்பு வேண்டவே வேண்டாம். அது கட்டி தட்டாமல் இருக்கக் கலக்கும் பொருள் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். டிஷ்வாஷருக்கென்றே விற்கும் கல் உப்புதான் போட வேண்டும். போட்ட கையோடு ஒரு தடவை ஓட்டிவிடு. சிந்திய உப்பு எவர்சில்வரில் தங்கினால் துருப் புள்ளி விழும்.

சில நாள் பாதியில் நின்று குழாய்ப் படம் மினுக்குகிறது என்றாயே, அதுவும் தண்ணீர்ச் சங்கதிதான். நீங்கள் மேல்மாடி. தொட்டி உங்கள் தலைக்கு மேலேயே இருப்பதால் தண்ணீர் நிறைய வரும் என்று நினைப்போம், நிஜம் நேர்மாறு. 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். உங்களுக்கு 3 மீட்டர் கிடைத்தால் பெரிது, அது 0.3 பார். பல மிஷின்கள் கேட்கும் குறைந்தபட்ச அளவே அதுதான். பிரஷர் பம்ப் வாங்க ஓடாதே. முதலில் குழாயை மூடிவிட்டு, தண்ணீர் உள்ளே போகும் ஓஸின் முனையைக் கழற்றிப் பார். அங்கே சின்ன வலை ஒன்று இருக்கும். லாரித் தண்ணீர் மணல் அதில் சேர்ந்திருந்தால் அதைத் தட்டிக் கழுவினாலே சரியாகிவிடலாம். அப்புறமும் நின்றால் பம்ப்பைப் பற்றி யோசி.

இனி பாத்திரம். இந்த மிஷினை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஷெல்பிவில் ஊரிலிருந்த ஜோசஃபின் காக்ரேன். புருஷன் 1883-ல் கடனை வைத்துவிட்டு இறந்துபோக, வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் ஒரு மெக்கானிக்கை வைத்துக்கொண்டு வேலையை முடித்தார். 1886-ல் காப்புரிமை வாங்கினார், 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வைத்தார். ஓட்டல்காரர்கள் வாங்கினார்கள். வீடுகளுக்குப் போய்ச்சேர இன்னும் பல பத்தாண்டு ஆனது, அவ்வளவு வெந்நீருக்கு அன்றைய வீடுகளில் வசதி இல்லை. அந்தப் பெண்மணியை எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் முதலில் செய்த காரியம் தன் வீட்டுத் தட்டு, கோப்பைகளை அளந்து, ஒவ்வொன்றுக்கும் கம்பியில் அறை கட்டியது. வேகமாக அடிக்கும் தண்ணீர் எல்லாப் பக்கமும் படும்படி அது அது அதன் இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் அவருடைய கண்டுபிடிப்பின் உயிர். இன்று உன் வீட்டில் இருப்பதும் அதே ஏற்பாடுதான். அந்தக் கம்பிகள் தட்டையான பீங்கான் தட்டுக்கு அளவெடுத்தவை. "13 பேர் பாத்திரம் கொள்ளும்" என்று பெட்டியில் போட்டிருப்பதும் அந்தத் தட்டு, கோப்பை, முள்கரண்டிக் கணக்குதான். நம் குக்கரும் வடச்சட்டியும் குழம்புக் குண்டாவும் அந்தக் கணக்கில் இல்லை. உனக்கு அதில் பாதிதான் கொள்ளும் என்று முதலிலேயே வைத்துக்கொண்டால் திணிக்கத் தோன்றாது.

குழிப் பாத்திரங்கள் கீழ்த் தட்டில், வாய் கீழே பார்த்து, கொஞ்சம் சாய்ந்து நிற்கட்டும். டம்ளரின் அடிக்குழியில் தண்ணீர் தேங்குவதும் சாய்த்து வைத்தால் குறையும். ஒன்றுக்குள் ஒன்று கவிழ்த்தால் உள்ளே இருப்பது நனையக்கூட நனையாது. உன் கரண்டியில் பருப்பு காய்ந்திருந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும், கரண்டிகளைக் கொத்தாகச் சொருகியிருப்பாய். கதவை மூடும் முன் நீர் தெளிக்கும் இரண்டு கைகளையும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பார். என் வீட்டில் ஒருநாள் டேப்லெட் கரையாமல் முழுசாகக் கிடந்தது. நீளமான தோசைக்கரண்டி ஒன்று சோப்பு மூடிக்கு முன்னால் நின்று அதைத் திறக்க விடாமல் தடுத்திருந்தது.

சாம்பார், கீரைக்கூட்டு ஒட்டிய பாத்திரங்களை 30 நிமிஷ புரோகிராமில் போடாதே. சோப்பில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தையும் புரதத்தையும் சிதைக்க நேரம் கேட்கும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ளதற்கு 70 டிகிரி வரை போகும் இன்டென்சிவ், மற்றதுக்கு ஈகோ. ஈகோ மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறதே என்று பதறாதே. சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவதால்தான் அது கரண்டை மிச்சம் பிடிக்கிறது. ராத்திரி பத்துக்குப் போட்டுவிட்டுத் தூங்கு. முடிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்து விட்டால் எவர்சில்வர் தன் சூட்டிலேயே காய்ந்துவிடும். பிளாஸ்டிக் டப்பா சூட்டைப் பிடித்து வைக்காது, ஈரமாகத்தான் வரும், அதைத் துடைத்துவிடு. மஞ்சள் கறை ஏறிய டப்பாவை வெயிலில் வை, இரண்டு மூன்று நாளில் மங்கிவிடும்.

தட்டை முழுசாகக் கழுவிவிட்டு உள்ளே வைக்காதே. மிச்சம் மீதியை வழித்துப் போட்டால் போதும். ஆனால் அந்த வழிப்பு ஒழுங்காக இருக்க வேண்டும். நான் முதன்முதலில் ஃபில்டரைத் திருகி எடுத்தது ஆறாவது வாரத்தில். உள்ளங்கையில் அதைக் கவிழ்த்தால் கறிவேப்பிலைக் காம்பு, கடுகு, புளிச்சக்கை, சோற்றுப் பருக்கை எல்லாம் கொழகொழவென்று ஒரு உருண்டையாக விழுந்தன. அந்த உருண்டை ஊறிய தண்ணீரைத்தான் மிஷின் திரும்பத் திரும்பப் பாத்திரத்தின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. தெளிக்கும் கையின் ஓட்டைகள் இரண்டில் கடுகு உட்கார்ந்திருந்தது, ஈர்க்குச்சியால் நெம்பி எடுத்தேன். இப்போது ஞாயிறுதோறும் ஃபில்டரைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கிறேன். மாதம் ஒருமுறை எலுமிச்சை உப்பைப் போட்டு வெறும் மிஷினைச் சூடாக ஓட்டுகிறேன்.

உள்ளே வைக்கவே கூடாதவையும் இருக்கின்றன. இரும்புத் தோசைக்கல்லை வைத்தால் எத்தனையோ வருஷம் எண்ணெய் ஏறிப் பழகிய பதம் போய்விடும். கல்சட்டி, மண்சட்டி, மரக்கரண்டி, பித்தளை எதுவும் வேண்டாம். அலுமினியம் சோப்பின் காரத்தில் கறுத்துப்போகும். என் அம்மாவின் அலுமினிய இட்லித் தட்டை நான் அப்படித்தான் கெடுத்தேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இவற்றையெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால் குறை மிஷினில்தான் இருக்கிறது. இன்டென்சிவ் ஓடும்போது நாற்பது நிமிஷம் கழித்து நிறுத்தி, ஆவி முகத்தில் அடிக்காமல் மெதுவாகத் திற. உள்ளே சூடே இல்லையென்றால் ஹீட்டரில் கோளாறு. வாரண்டி இருக்கிறது, தயங்காமல் புகார் கொடு. ஒவ்வொரு புகார் எண்ணையும் தேதியோடு எழுதி வை, பில்லை போட்டோ எடுத்து வை. இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடு. காசு கொடுத்தவள் நீ, கேட்பதற்குக் கூச்சப்படாதே.

"கையால தேய்ச்சா பத்து நிமிஷம்" என்று உன் மாமியார் சொன்னது உன்னைக் குத்தியிருக்கிறது. நாற்பது வருஷம் தேய்த்த கைக்கு அது பத்து நிமிஷம்தான், அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிஷம் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி இரண்டு தடவை என்று வந்து எங்கள் தலைமுறைப் பெண்களின் இடுப்பையும் நகத்தையும் தின்றது. என் விரலிடுக்கில் சேற்றுப்புண் ஆறாமலே கிடந்த வருஷங்கள் உண்டு. அவரோடு வாதாடாதே. தோசைக்கல்லும் கல்சட்டியும் எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று அவரிடமே கேள், மரியாதையாகக் கற்றுக்கொள். மிஷினில் அடுக்குகிற வேலை மாப்பிள்ளையுடையதாக இருக்கட்டும். நீ சமைத்தால் அவர் அடுக்கட்டும். இதை நான் சொன்னதாகவே சொல்.

இன்னொன்று. மிஷின் வந்த மறுநாளே வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மாவை நிறுத்திவிட்டாய் என்று கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்து வருஷம் வந்தவர். கைக்குழந்தையோடு நீ தவித்த நாளில் லீவு போடாமல் வந்து நின்றவர். ஒரு மாதச் சம்பளமாவது கையில் கொடுத்து, வேறு வீடு பார்க்க நேரம் கொடுத்திருக்க வேண்டும். மிஷின் செய்யாத வேலை உன் வீட்டில் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. இரும்பு, பித்தளை, மேடை துடைப்பது, வீடு பெருக்குவது எல்லாம் இருக்கிறதே. அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லையென்றால் திரும்பக் கூப்பிடு. சம்பளத்தைக் குறைத்துப் பேசாதே. நீயே நேரில் போய்க் கூப்பிடு, போனில் வேண்டாம்.

இந்த வாரம் பட்டையை வாங்கித் தண்ணீரைப் பார், உப்பைப் போடு, எண்ணை மாற்று, ஓஸ் வலையைக் கழுவு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பிட்டதும் மாப்பிள்ளை அடுக்கி முடித்த பிறகு, கதவை மூடுவதற்கு முன் எனக்கு வீடியோ கால் போடு. கீழ்த் தட்டை ஒரு தடவை நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா