ஊரோடு பெருநாள்

அன்பு மருமகனுக்கு,

இங்கு நானும் உன் மாமியும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். நோன்பு பாதி தாண்டிவிட்டது. சென்னையில் ஸஹருக்கு என்ன சாப்பிடுகிறாய், யார் எழுப்பிவிடுகிறார்கள் என்று உன் உம்மாவுக்கு ஓயாத கவலை. தராவீஹுக்கு ஜமாஅத்தோடு போய்ச் சேர்ந்துகொள்கிறாய் என்று கேள்விப்பட்டு எனக்கு நிம்மதி.

நேற்று லுஹர் தொழுதுவிட்டு உன் உம்மா முடுக்கு வழியாக வீட்டுக்கு வந்தாள். தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மாமி வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது. இந்த வருஷம் ஊர் பிறை பார்த்துச் சொல்லும் நாளில் நீ பெருநாள் கொண்டாடப் போவதில்லையாம். கணக்குப் போட்டு அச்சடித்த காலண்டரில் எந்த நாள் இருக்கிறதோ அந்த நாளில்தானாம். ஊர் ஒருநாள் பிந்தினால், ஊர் நோன்பில் இருக்கும்போது நீ உன் கூட்டாளிகளோடு திடலில் தொழப் போகிறாயாம். ‘பெருநாள் அன்றைக்கு நோன்பு வைப்பது ஹராம், அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன்’ என்று போனில் சொன்னாயாமே.

உன்னை அதட்ட நான் எழுதவில்லை. நீ படித்தவன், சம்பாதிக்கிறவன், இன்னும் சில வாரத்தில் ஒரு பிள்ளைக்கு வாப்பா ஆகப் போகிறவன். முடிவு உன்னுடையது. முடிவெடுக்கும் முன் பெரிய மாமா சொல்வதையும் ஒருமுறை படி.

நீ சொல்வதில் பாதி சரி. ஷவ்வால் முதல் நாளில் நோன்பு வைப்பது ஹராம்தான். ஆனால் அந்த நாள் எது என்று யார் முடிவு செய்வது? நோன்பு என்பது நீங்கள் எல்லாரும் நோன்பு வைக்கும் நாள், பெருநாள் என்பது நீங்கள் எல்லாரும் நோன்பை விடும் நாள் என்ற கருத்தில் நபிமொழி திர்மிதியில் இருக்கிறது. மக்கள் கூட்டத்தோடும் ஜமாஅத்தோடும் சேர்ந்து செய்வதே இதன் பொருள் என்று ஆலிம்கள் சொன்னதையும் இமாம் திர்மிதி அங்கேயே பதிந்திருக்கிறார். ஆகவே ஊரோடு முப்பதாவது நோன்பு வைக்கிறவன் பாவம் செய்கிறவன் அல்ல. முப்பதையும் வைத்துவிட்டுப் போன உன் உம்மம்மாவைப் பாவி என்று சொல்ல உனக்கு நாக்கு வருமா?

குறைபு அவர்களின் செய்தியையும் எடுத்துப் பார், ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அவர் ஷாமுக்குப் போயிருந்தபோது அங்கே மதீனாவை விட ஒருநாள் முன்பே பிறை தெரிந்துவிட்டது. முஆவியா அவர்களும் அதன்படியே நோன்பு பிடித்தார்கள். குறைபு மதீனா திரும்பி இதைச் சொன்னபோது இப்னு அப்பாஸ் அவர்கள் தங்கள் கணக்கை மாற்றவில்லை. நாங்கள் கண்டதிலிருந்து முப்பதை நிறைவு செய்வோம், அல்லது பிறையைக் காண்போம் என்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பிறை ஒன்றுதான் என்பது தெரியாதா? ஷாமுக்கும் மதீனாவுக்கும் சண்டை வந்ததா? அவரவர் ஊர் அவரவர் பிறை என்று நிம்மதியாக இருந்தார்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபு இதைத்தான் பிடித்திருக்கிறது.

தொழுகை நேரத்துக்கு மட்டும் கணக்கைப் பார்க்கிறோமே, பிறைக்கு ஏன் கூடாது என்று நீ கேட்பாய். உன் சின்ன மாமாவும் இதைத்தான் கேட்டான். ஒரு சந்திர மாதம் சராசரி 29 நாள், 12 மணி, 44 நிமிஷம் என்று கணக்குச் சொல்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. அமாவாசை எந்த நிமிஷம் முடிகிறது என்பதையும் துல்லியமாகச் சொல்லும். ஆனால் அன்று மஃரிபுக்குப் பிறகு நம் கடற்கரையில் நிற்கிறவன் கண்ணுக்குப் பிறை தென்படுமா என்பது வேறு கேள்வி. அதற்கு அடிவானத்துக்கு மேலே பிறை போதிய உயரத்தில் இருக்க வேண்டும், மேகம் விலக வேண்டும். 29 ஆம் நாள் மாலை பார், தெரியாவிட்டால் முப்பதை நிறைவு செய் என்பது பாமரனும் பின்பற்றக்கூடிய சட்டம். அதை விட்டுவிட்டு ஒவ்வொரு கூட்டமும் தனித்தனியாகக் கணக்கெடுத்ததால்தான் தமிழ்நாட்டில் சில வருஷம் மூன்று பெருநாள் வருகிறது: சவூதி அறிவிப்புக்கு ஒன்று, காலண்டருக்கு ஒன்று, கண்ணால் கண்டவர்களுக்கு ஒன்று.

மலையைத் தாண்டினால் நாள் மாறுகிறதே என்பாய். மாறத்தான் செய்கிறது. 2024 இல் கேரளத்தில் ஏப்ரல் 10 பெருநாள், சென்னையில் ஏப்ரல் 11. அவர்களுக்குக் காப்பாட்டுக் கடற்கரையிலோ பொன்னானியிலோ பிறை தெரிந்தால் அவர்கள் காஜிமார் அறிவிக்கிறார்கள், அங்குள்ள எல்லாரும் பிடித்துக்கொள்கிறார்கள். ஊருக்கு ஊர் மாறுவதில் எனக்கு வருத்தமே இல்லை. ஒரே வீட்டுக்குள், ஒரே அடுப்படியில் இரண்டாக மாறுவதுதான் என் வருத்தம்.

உனக்கு அந்த வருஷக் கதை தெரியும், முழுசாகத் தெரியாது. நீ அப்போது பால்குடி. சின்ன மாமா சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தான். இங்கே ஒரு கூட்டத்தார் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். ஊருக்கு ஒருநாள் முன்பே மைக் போட்டு தக்பீர் சொல்லிக்கொண்டு திடலுக்குப் போனான். பதினொரு மணிக்கு அவன் பெண்டாட்டி வீட்டிலிருந்து வழக்கம்போல ஒரு கிண்ணம் வட்டிலப்பம் வந்தது. நாங்கள் எல்லாரும் நோன்பு. உம்மா அதை வாங்கி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, அலமாரியில் வைத்தாள். மஃரிபு வரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நோன்பு திறந்து அதை எடுத்தபோது தேங்காய்ப்பால் புளித்துவிட்டது. மறுநாள் எங்கள் பெருநாள். உம்மா உடன்குடிக் கருப்பட்டி போட்டு, தலைப்பால் மட்டும் சேர்த்து, முட்டை அடித்து, துணியில் இரண்டு தடவை வடிகட்டி அவித்த வட்டிலப்பத்தை (சீனி போட்டுச் செய்வதை உம்மா வட்டிலப்பம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டாள்) அவன் வீட்டுக்கு அனுப்பினாள். ‘எங்களுக்குப் பெருநாள் முடிந்துவிட்டது’ என்று அங்கிருந்து கிண்ணம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு உம்மா மௌத்தாகும் வரை அவளுடைய இரண்டு ஆண்மக்களும் பெருநாள் அன்று ஒரு சஹனில் கை வைக்கவில்லை. அந்தக் கூட்டத்தாரை அல்லாஹ் மன்னிக்கட்டும். என்னால் இன்னும் முடியவில்லை.

இதை எழுதும்போது எனக்குப் பழையதெல்லாம் கிளம்புகிறது, பொறுத்துக்கொள்.

நீ யோசிக்காத ஒன்றைச் சொல்கிறேன். ஃபித்ரா. அதுதான் நோன்பின் முடிவில் நம்மேல் விழும் முதல் கடமை. நம் மத்ஹபில் பணமாகக் கொடுத்தால் நிறைவேறாது, ஊரார் உண்ணும் தானியம் வேண்டும், தலைக்கு ஒரு ஸாஉ, சுமாராக இரண்டரை கிலோ அரிசி. ஊரில் பிறை அறிவிப்பு வந்ததும் நம் வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். மாமி அரிசிச் சாக்கைக் கூடத்துக்கு இழுத்துப் போடுவாள். படியைத் தட்டித் தலை வழித்து அளந்து, ஒரு தலைக்கு ஒரு பை என்று கட்டி வரிசையாக அடுக்குவாள். கடைசிப் பிள்ளை தன் பை எது என்று கேட்டுத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அதை எடுக்கவிடும். மையவாடிக்குப் பின்னால் குடியிருக்கிற அந்தக் கிழவி, நோன்பு முழுக்க நம் வீட்டுக் கஞ்சிக்குப் பாத்திரம் அனுப்புகிறவள், பின்வாசலில் வந்து நிற்பாள். பெருநாள் தொழுகைக்கு முன்பே அவள் பானையில் அந்த அரிசி ஏறிவிட வேண்டும், அன்றைக்கு அவள் யார் வாசலிலும் நிற்கக் கூடாது என்பதுதான் சட்டத்தின் நோக்கம். நீ ஒருநாள் முந்திக் கொண்டாடினால், உன் பெருநாளன்று அவள் நோன்பில் இருப்பாள். நீ கறி தின்றுகொண்டிருப்பாய், அவள் வெறும் வயிற்றோடு மஃரிபுக்குக் காத்திருப்பாள். நீ எந்த ஆப்பில் பணம் அனுப்பி ஃபித்ராவை முடித்தாலும் இது மாறாது.

ரமலானின் கடைசி மஃரிபில் உயிரோடு இருக்கிற ஒவ்வொரு தலைக்கும் ஃபித்ரா கடமை. அன்று சூரியன் அடையும் முன் பிறந்த பிள்ளைக்கு உண்டு, அடைந்த பிறகு பிறந்ததற்கு இல்லை. என் மருமகள் நிறைமாதமாக அவள் உம்மா வீட்டில் இருக்கிறாள். அல்லாஹ் நாடி அந்த இரண்டு மஃரிபுக்கும் நடுவில் பிள்ளை பிறந்துவிட்டால்? உன் காலண்டர்படி ஃபித்ரா இல்லை, அதன் உம்மாவின் கணக்கில் உண்டு. பிறந்த அன்றே அந்தப் பிள்ளைக்கு வாப்பா ஒரு மாதத்திலும் உம்மா ஒரு மாதத்திலும் இருப்பார்கள். நம் ஊரில் ஆண்பிள்ளை பெண்டாட்டி வீட்டில்தான் வாழ்கிறான். அந்த வீட்டில் மாமனார், மாமியார், மச்சினிகள் எல்லாரும் நோன்பாக இருக்க, நீ ஒருவன் புதுச் சட்டை போட்டு இறங்கிப் போவாய். அவர்கள் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், மரியாதைப்பட்டவர்கள். உன் உம்மாவிடமும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வீடு அப்போதே இரண்டாகிவிடும்.

நம் மத்ஹபு நூல்களில் ஒரு சட்டம் இருக்கிறது, உன் கூட்டாளிகள் அதை உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருவன் தன் கண்ணாலேயே ஷவ்வால் பிறையைக் கண்டான், அவன் சாட்சியத்தை ஊர் ஏற்கவில்லை. அவன் நோன்பை விடுவான், ஆனால் மறைவாக விடுவான். கண்ணால் கண்டவனுக்கே அவ்வளவு அடக்கம் கேட்கிற மார்க்கம் இது. காலண்டரில் கண்டவர்களுக்கு மைக் எதற்கு?

திடலில் தொழுவதற்கு நான் எதிரி இல்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் பெருநாள் தொழுகைக்கு வெளியே திடலுக்குத்தான் போனார்கள், பெண்களையும் வரச் சொன்னார்கள், மாதவிலக்கில் இருந்தவர்களைக்கூட துஆவில் சேர்ந்துகொள்ள வரச் சொன்னார்கள். உம்மு அதிய்யா அறிவித்த செய்தி அது. ஊர் பெருநாள் அன்று நீ திடலில் தொழுதாலும் சந்தோஷம்தான். பெரிய குத்பா பள்ளியில் என் பக்கத்தில் நின்றால் கூடுதல் சந்தோஷம். முதல் ரக்அத்தில் ஏழு தக்பீர், இரண்டாவதில் ஐந்து என்று உன் பிஞ்சுக் கையைப் பிடித்து எண்ணக் கற்றுக்கொடுத்தவன் நான். ஸலாம் கொடுத்ததும் குத்பாவைக் கேட்காமல் செருப்பைத் தேடி ஓடும் இந்தக் காலத்துப் பையன்களைப் போல நீ ஒருநாளும் ஓடியதில்லை.

2020 ஐ நினைத்துப் பார். பள்ளிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. மே 25 அன்று மொட்டைமாடியில் வீட்டாரை மட்டும் வைத்துத் தொழுதோம். முஸாபஹா செய்ய ஆளில்லை, ஜியாரத்துக்குப் போக முடியவில்லை, முடுக்குகளில் ஒரு பெண்பிள்ளை நடமாட்டமில்லை, சாயங்காலம் கடற்கரை வெறிச்சோடிக் கிடந்தது. புதுச் சட்டை இருந்தது, கறி இருந்தது, கடப்பாசி இருந்தது. ஆனாலும் அன்று நீ என்னிடம், ‘மாமா, இது பெருநாள் மாதிரியே இல்லை’ என்றாய். நோயால் வந்த தனிமை அது, வேறு வழியில்லை. இப்போது நீயாகத் தேடிப் போகிறாய்.

சரி, நிறையச் சொல்லிவிட்டேன். நீ கெட்டவன் என்று இதில் ஒரு வரிகூட இல்லை. மார்க்கத்தில் சரியானதைச் செய்ய வேண்டும் என்ற உன் தவிப்பை நான் அறிவேன். நம் குடும்பத்தில் உன் வயதில் உன்னைப் போல் குர்ஆன் ஓதுகிறவன் கிடையாது. 27 ஆம் இரவு உனக்காகத் தனியாக துஆ செய்வேன், பிள்ளைக்காகவும். நீ என்ன முடிவெடுத்தாலும் இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறந்தே இருக்கும். ஒருநாள் முன்னே வந்தாலும் பின்னே வந்தாலும் உனக்குச் சோறு உண்டு. உனக்கும் மருமகளுக்கும் துணி எடுத்தாகிவிட்டது. உன் சட்டையைத் தைக்கக் கொடுத்திருக்கிறேன், பழைய அளவுதான், மெலிந்திருந்தால் பிடித்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு ஒரு வெள்ளித் தண்டை மாமி வாங்கி வைத்திருக்கிறாள், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், சொல்லிவிட்டேன். சின்ன மாமாவையும் இந்த வருஷம் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நீ ஊரோடு இருந்தால் அவனும் வருவான் என்று எனக்குப் படுகிறது. மூன்று பேரும் ஒரு சஹனில் உட்காரலாம்.

செந்தூர் எக்ஸ்பிரஸில் இடம் நிரம்பும் முன் டிக்கெட் எடுத்துவிடு. பணம் தேவையென்றால் கூச்சப்படாமல் கேள். எந்த நாள் கிளம்புகிறாய் என்று முதலில் உன் உம்மாவுக்குப் போன் செய்து சொல், எனக்குப் பிறகு சொன்னால் போதும்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரை வைத்திருக்கும்
பெரிய மாமா
காயல்பட்டினம்