சீசன் தொடங்குமுன்: குதிரை ஏறப் பயப்படுகிறவர்களுக்கு

பங்குனி முடியப்போகிறது. சித்திரை பிறந்ததும் கொடைக்கானலும் ஊட்டியும் நிரம்பிவிடும். ஏரிக்கரையில் குதிரையைக் கண்டதும் குடும்பத்தில் ஒருவர் மட்டும், "நீங்க போயிட்டு வாங்க, நான் பையைப் பார்த்துக்கிறேன்" என்று ஒதுங்குவார். இந்தக் குறிப்பு அவருக்காக. ஏற ஆசை இருந்தும் கால் எழாதவர் என்றால் மட்டும் மேலே படியுங்கள். ஆசையே இல்லாதவரை யாரும் வற்புறுத்தி ஏற்ற வேண்டாம்.

"பயப்படாதே" என்று சொல்லி யாருக்கும் பயம் போனதில்லை. குதிரை விஷயத்தில் கூடுதல் சிக்கல், உங்கள் பயம் அதற்கும் தொற்றும். 2009-இல் சுவீடன் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இந்தச் சுற்றில் ஒரு குடை விரிக்கப்படும், குதிரை மிரளலாம் என்று சவாரி செய்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆனாலும் மேலே இருந்தவரின் இதயத்துடிப்பு கூடியது, குதிரையின் துடிப்பும் கூடியது. குதிரையிடம் குடையைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். முதுகில் ஓர் ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்த்து உதறுகிற பிராணி அது. இறுகிய தொடையும் அடைத்த மூச்சும் அதற்குத் தெரியாமல் இருக்குமா? ஆகவே மனத்தை அடக்கும் பாட்டை விட்டுவிட்டு, உடம்பைத் தளர்த்தப் பழகுங்கள். அதை இன்றே வீட்டில் தொடங்கலாம்.

மாடிப்படியின் ஓரத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாதத்தின் முன்பகுதி மட்டும் படியில் இருக்கும்படி நின்று, குதிகாலை மெல்லக் கீழே இறக்குங்கள். அங்கவடியில் கால் இருக்க வேண்டிய விதம் இதுதான். எடை குதிகாலில் இறங்கியவர் எளிதில் முன்னால் சரிவதில்லை. தினமும் சில நிமிடம் போதும். கூடவே, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடும் மூச்சை நீளமாக்கிப் பழகுங்கள். ஊரில் குதிரையேற்றப் பள்ளி இருந்தால் இரண்டு மூன்று வகுப்புகளுக்குப் போய்வாருங்கள். பயிற்சியாளர் நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக நடத்த, நீங்கள் லகானைத் தொடாமல் உட்கார மட்டும் கற்றுக்கொள்வது பயந்தவர்களுக்கு நல்ல மருந்து.

நாளும் நேரமும் முக்கியம். மலைக்குப் போக இ-பாஸ் முறை 2024 மே மாதத்தில் வந்தது. பயண ஏற்பாட்டோடு அதையும் சரிபார்த்துவிடுங்கள். முடிந்தால் வார நாளாக வையுங்கள். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய சாலை சுமார் 5 கிலோமீட்டர், பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. முதல் சவாரிக்கு நல்ல இடம்தான். ஆனால் அதே சாலையில் வாடகை சைக்கிள், கார், பலூன், சோளம் விற்கிற தள்ளுவண்டி எல்லாம் வரும். காலையிலேயே போய்விட்டால் பாதித் தொல்லை குறையும். பிற்பகலில் கோடை மழை பிடித்துக்கொள்ளலாம். ஈரத் தார்ச்சாலையில் லாடம் வழுக்கும். மழை தூறினால் அன்றைக்குச் சவாரியே வேண்டாம்.

காலுக்குச் சிறு குதி உள்ள மூடிய ஷூ. செருப்பு கூடாது, கால் அங்கவடிக்குள் முழுதாக நுழைந்து மாட்டிக்கொள்ளும். தலைக்கு, குதிரையேற்றத்துக்கென்றே செய்த ஹெல்மெட்தான் சரி. கிடைக்காவிட்டால் நன்றாகப் பொருந்துகிற சைக்கிள் ஹெல்மெட்டையாவது வீட்டிலிருந்து எடுத்துப்போங்கள். படத்தில் அழகாக விழாது என்று தலையில் எதுவும் இல்லாமல் ஏறுகிறவர்களுக்கு என்னிடம் ஆலோசனை கிடையாது.

குதிரைக்காரரிடம் பயத்தை மறைக்காதீர்கள். இது எல்லாவற்றையும்விட முக்கியம். "அண்ணே, எனக்குப் பயம். நடை மட்டும் போதும், ஓட விடாதீங்க. கயிறு கடைசி வரைக்கும் உங்க கையிலயே இருக்கட்டும்" என்று ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், உற்சாகப்படுத்துவதாக நினைத்து நடுவழியில் குதிரையை ஒரு தட்டுத் தட்டிவிடலாம். சாதுவான குதிரையாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களும் பாருங்கள்: நொண்டுகிறதா, சேணத்தின் ஓரத்திலும் வயிற்று வாரின் அடியிலும் புண் இருக்கிறதா? இருந்தால் வேறு குதிரை. மட்டக்குதிரை என்றால் எடையையும் கணக்குப் பாருங்கள். சேணத்தோடு சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொதுவான வரம்பு.

குதிரையிடம் தோள் பக்கமாகப் போங்கள். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும், வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் மட்டும் தெரியாது. கழுத்தைத் தடவிப் பேச்சுக் கொடுங்கள். ஏறுவதற்கு முன் வயிற்று வாரை இறுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் நடந்த பிறகு இன்னொரு முறை இறுக்கச் சொல்லுங்கள், அதற்குள் தளர்ந்திருக்கும்.

மேலே ஏறியதும் பெரும்பாலோர் செய்வது, குதிரையின் கழுத்தையே வெறித்துப் பார்ப்பது. தலை குனிந்தால் உடம்பும் முன்னால் வளையும். பார்வை தூரத்து மரத்தில் இருக்கட்டும், அதுவும் வெறிக்காமல், ஓரங்களும் கண்ணில் படும்படி. அமெரிக்கப் பயிற்சியாளர் சாலி ஸ்விஃப்ட் 1985-இல் எழுதிய நூலில் சொன்ன நான்கு அடிப்படைகளில் முதலில் வருவது இந்த இளகிய பார்வைதான். அடுத்தது மூச்சு. மூச்சை அடைக்கிறோம் என்று தோன்றினால் ஒரு பாட்டை முணுமுணுங்கள். பாடிக்கொண்டே மூச்சை அடக்க யாராலும் முடியாது. சுருதி சேராவிட்டாலும் குதிரை கோபித்துக்கொள்ளாது.

குதிரையின் காதுகளைக் கவனியுங்கள். ஒரு காது பின்னால் திரும்பியிருந்தால் உங்களைக் கேட்கிறது. இரண்டும் பிடரியோடு படிந்தால் எரிச்சல், முன்னே போகும் குதிரையிடமிருந்து விலக்கச் சொல்லுங்கள். எப்போதுமே நடுவில் ஒரு குதிரை நீளமாவது இடைவெளி வேண்டும். தலை சட்டென்று உயர்ந்து, காதுகள் முன்னால் குத்திட்டு, கால்கள் நின்றுவிட்டால் எதையோ கண்டு யோசிக்கிறது. பறக்கும் பிளாஸ்டிக் பையாக இருக்கலாம். உதைத்து விரட்ட வேண்டாம், லகானை இழுத்துத் தொங்கவும் வேண்டாம். ஒரு கையால் பிடரி மயிரைப் பற்றிக்கொண்டு மூச்சை நீளமாக விடுங்கள், அது பார்த்து முடிக்கட்டும். மற்றதைக் குதிரைக்காரர் பார்த்துக்கொள்வார்.

குழுவாகப் போனால் பயந்தவர் நடுவில் வரட்டும். முன்னால் போகிறவர் ஓடவிட்டால் உங்களுடையதும் ஓடப் பார்க்கும், கூட்டத்தோடு வாழும் பிராணி அது. ஆகவே யாரும் ஓடவிடுவதில்லை என்று கிளம்பும்போதே பேசிவையுங்கள். செல்ஃபி வேண்டாம், கீழே நிற்பவர் எடுக்கட்டும்.

விழுந்தால் உடனே மறுபடி ஏற வேண்டும் என்று ஒரு பழக்கம் உண்டு. தலையில் அடிபட்டிருந்தால் அதைப் பின்பற்றாதீர்கள். தலைவலி, வாந்தி, குழப்பம் எது இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

எப்போது வேண்டுமானாலும் "நிறுத்துங்க, இறங்கிக்கிறேன்" என்று சொல்லலாம், பாதி வழியில்கூட. இறங்கும்போது இரண்டு கால்களையும் அங்கவடியிலிருந்து எடுத்துவிட்டு இடப்பக்கமாக இறங்குங்கள். தொடை நடுங்கும். கொஞ்ச நேரம் சேணத்தைப் பிடித்தபடி நில்லுங்கள். நன்றாக இருந்தது என்று அன்றைக்கே இன்னொரு சுற்றுக்கு ஆசைப்படாமல், குதிரையின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு மறுநாள் காலை அதையே தேடிப் போங்கள்.