இரண்டாம் மாற்றுக்கு வருகிறவர்

1. கண்ணு, கல்லீரல் மாற்றிக்கொண்டு பல வருடம் நன்றாக இருந்த ஒருவர், கால் வீங்கி உன் எதிரே வந்து உட்காருவார். "மாத்திரையை ஒழுங்காப் போட்டீங்களா?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதே. ஒழுங்காகப் போட்டவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு வருகிறது. கல்லீரலைக் காக்கிற டாக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கல்லீரல் மாற்றியவர்களில் சுமார் 18 சதவீதம் பேருக்கு 5 ஆண்டுக்குள் சிறுநீரகம் பெருமளவு செயலிழந்திருந்தது. இதை அவரிடம் சொல். தன் மேல்தான் தப்பு என்று மாதக்கணக்கில் குமைந்த ஒருவர், இதைக் கேட்டதும் மேசையில் தலைவைத்து அழுதார்.

2. கிரியேட்டினினை மட்டும் நம்பாதே. சதை வற்றிய உடம்பில் அது கோளாறைக் குறைத்தே காட்டும். சிறுநீரில் புரதம் பார். சதை எவ்வளவு வற்றியிருக்கிறது என்று அவர் கையையும் தொட்டுப் பார்.

3. டாக்ரோலிமஸைக் குறைத்தால் சிறுநீரகத்துக்கு நல்லது. ஆனால் உடம்பு கல்லீரலை நிராகரிக்கத் தொடங்கலாம். ஆகவே கல்லீரல் டாக்டரோடு பேசாமல் அளவில் கை வைக்காதே. யார் பெரியவர் என்ற எண்ணம் உங்கள் நடுவே புகுந்தால் அடிபடுகிறவர் நோயாளிதான்.

4. டயாலிசிஸ் தொடங்கட்டும் என்று இராமல் சிறுநீரக மாற்றைப் பற்றி முன்பே பேசு. சில வீடுகளில் மனைவி ஏற்கெனவே கல்லீரலில் பங்கு கொடுத்திருப்பாள். இப்போது எல்லோரும் இன்னொருவர் முகத்தைப் பார்ப்பார்கள். கொடுக்க வருகிறவரிடம் தனியாகப் பேசு, கண்ணு. இதில் மட்டும் நேரம் பார்க்காதே. உறவுக்காரர் முன்னால் சரி என்ற தங்கை ஒருத்தி, கதவைச் சாத்தியதும் "பயமா இருக்கு டாக்டர்" என்றாள். மறுக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. "இவர் கொடுக்க இயலாது" என்று மட்டும் வெளியே சொன்னோம். காரணம் கேட்டு அவளை யாரும் துளைக்கவிடவில்லை.

5. மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்துக்காகப் பதிந்தவர், இரவில் போன் வந்ததும் பையோடு ஓடிவருவார். முன்பு ஏற்றிய இரத்தமும் முதல் மாற்றும் அவர் உடம்பில் எதிர்ப்பொருள்களை உண்டாக்கியிருக்கலாம். அதைப் பார்க்கும் கிராஸ்மேட்ச் பரிசோதனை ஒத்துவராவிட்டால் அவரைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். அதை நர்ஸிடம் சொல்லியனுப்பாதே, நீயே போய்ச் சொல். சாப்பிட்டாரா, ஊருக்குப் பஸ் இருக்கிறதா என்றும் கேள்.