ஓய்ந்த யந்திரமும் ஓயாத ஆற்றலும்

மனிதன் தன் உடலுழைப்பைக் குறைத்துக்கொள்ளுதற் பொருட்டு யந்திரங்களைப் படைத்தான். அவை அவனைச் சுமந்து செல்கின்றன, நீர் இறைக்கின்றன, மரம் அறுக்கின்றன, புல் வெட்டுகின்றன, மின்சாரம் தடைப்பட்ட இரவில் விளக்கெரிக்கின்றன. அவை செவ்வனே இயங்குமளவும் நாம் அவற்றைப்பற்றி எண்ணுவதில்லை. பழுதுற்ற அன்றே மூடியைத் திறந்து உள்ளே நோக்குகிறோம். இயங்கும் யந்திரத்தினருகே எவரும் இயல்பாகவே அஞ்சி விலகி நிற்பர். அதன் ஓசையும் சுழற்சியுமே எச்சரிக்கையாய் அமைகின்றன. நின்றுபோன யந்திரத்தினிடத்தோ அவ்வச்சம் நீங்கிவிடுகிறது. அச்சம் நீங்கிய இடத்தில் அஜாக்கிரதை குடிபுகுகிறது.

பழுது பார்க்குங்கால் நேரும் தவறுகளையும், மயிரிழையில் தப்பிய விபத்துகளையும் ஆராய்ந்து பார்ப்பின், அவற்றுட் பல ஒரே வேரினின்று கிளைத்தவை என்பது புலனாகும். அவ்வேர் யாதெனின், நின்ற யந்திரம் வேறு, ஆற்றல் ஒழிந்த யந்திரம் வேறு என்பதை மறத்தலேயாம். ஓட்டம் நின்ற பின்னும் ஆற்றல் அதனுள் பல வடிவில் அடங்கிக் கிடக்கிறது. உயர்த்திய வண்டியில் பாரமாகவும், அடைபட்ட காற்றிலும் நீரிலும் அழுத்தமாகவும், பாட்டரியில் மின்னாகவும், பெட்ரோல் ஆவியில் தீயாகவும் அது உறங்குகிறது. அதனைத் தட்டியெழுப்புவது பெரும்பாலும் நம் கையிலுள்ள ஸ்பானரே. இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

பாரம்

வண்டியை ஜாக்கியினால் உயர்த்திவிட்டு, "ஒரு நட்டுத்தானே, இரண்டு நிமிஷ வேலை" என்று அதன் அடியில் நுழைவது யாவரும் அறிந்த தவறு. சிறிய கார் ஒன்றின் எடை ஏறக்குறைய 1000 கிலோகிராம். எண்ணெய் ஜாக்கியில் அப்பாரத்தின் ஒரு பகுதியைத் தாங்கி நிற்பது ஒரு சிறு ரப்பர் வளையத்தின் இறுக்கமே. அது தேய்ந்திருப்பின் எண்ணெய் கசிந்து ஜாக்கி இறங்கிவிடும். திருகு ஜாக்கியோ, தரை மென்மையாக இருப்பின் சாய்ந்துவிடும். ஜாக்கி உயர்த்துதற்கு உரியது, தாங்குதற்கு உரியதன்று. தாங்குதற்கு இரும்புத் தாங்கிகள் உள. அவற்றை வைத்தபின், வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்தே அடியில் செல்லல் வேண்டும்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பின்சக்கரங்களையே பற்றுகிறது. பின்சக்கரங்களைத் தரையினின்று உயர்த்திய கணமே அந்தப் பிடிப்பு பயனற்றதாகிவிடுகிறது. "கைப்பிரேக் போட்டிருக்கிறேன்" என்று நம்பியவனுடைய வண்டி ஜாக்கியினின்று உருண்டு விழுவது இதனாலேயாம். தரையிலுள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தலே தக்க காப்பு.

அழுத்தம்

நீர் 100 டிகிரி வெப்பத்தில் கொதிக்கும் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால் காரின் ரேடியேட்டர் மூடி அந்நீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு மிகுந்த அழுத்தத்தில், நீர் 120 டிகிரியை நெருங்கும்வரை கொதியாது. அவ்வாறு சுட்டிருக்கும்பொழுது மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரு நொடியில் விலகுகிறது. அதுவரை கொதியாதிருந்த நீர் உடனே ஆவியாகிப் பொங்கி முகத்தில் பாய்கிறது. பௌதிக வகுப்பில் இவ்விதியைப் பிழையின்றி எழுதிய மாணவனே வழியில் நின்ற காரின் மூடியைத் திறக்கிறான். ஏட்டில் கற்றது கைக்கு எட்டாமற் போவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

லாரிகளின் டயர்கள் சிலவற்றில் ரிம் பல துண்டுகளாய் அமைந்திருக்கும். அதன் பூட்டு வளையம் சரியாகப் படியாதபோது காற்றடித்தால், அவ்வளையம் பீரங்கிக் குண்டென வெளிப்படும். அதனாலேயே இரும்புக் கூண்டினுள் வைத்துக் காற்றடிக்கும் வழக்கம் உண்டாயிற்று. கழற்றும்பொழுதும் வால்வின் உள்ளூசியை முதலில் நீக்கிக் காற்று முழுவதையும் வெளியேற்றல் வேண்டும்.

டீஸல் யந்திரத்தில் எண்ணெயைப் பீச்சும் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் பல நூறு மடங்கு. புதிய யந்திரங்களில் ஆயிரம் மடங்கையும் கடக்கும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பவனுடைய தோலை அத்தாரை துளைத்துவிடுகிறது. வெளியே தெரிவது ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளி; வலியும் முதலில் குறைவு. உள்ளேயோ எண்ணெய் தசையினூடே பரவுகிறது. அன்றே அறுவை வைத்தியம் செய்யாவிடில் விரலையோ கையையோ இழக்க நேரிடும். கசிவைத் தேட ஓர் அட்டைத்துண்டு போதும்.

சுழற்சி

மோட்டார் சைக்கிளை நடுத்தாங்கியில் நிறுத்தி, கியரிலிட்டு, பின்சக்கரம் சுழல, சங்கிலியைத் துணியால் துடைப்பது இளைஞர் பலரிடம் காணப்படும் வழக்கம். கை வைத்துச் சுற்றும் வேலையை யந்திரம் செய்கிறதே என்பது அவர் கருத்து. துணியின் நுனி ஒன்று பல்சக்கரத்திற் சிக்கினால் துணியும் விரலும் ஒருங்கே உள்ளே இழுக்கப்படும். "விட்டுவிடு" என்று மூளை கையை ஏவுமுன் யாவும் முடிந்துவிடும். யந்திரத்தை நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றித் துடைப்பதற்கு ஐந்து நிமிஷமே மிகுதியாகும்.

புல் வெட்டும் யந்திரத்தில் தவறு வேறு வகையில் நேர்கிறது. அடியிற் சிக்கிய புல்லை எடுக்க அலகைக் கையால் திருப்புகிறோம். அலகும் யந்திரத்தின் சுழல்தண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. அலகைத் திருப்பினால் தண்டும் திரும்பும். தண்டு திரும்பினால் பொறி உண்டாகி யந்திரம் உயிர்பெறக் கூடும். ஸ்பார்க் பிளக்கின் கம்பியை முதலிற் கழற்றிவிட்டால் இவ்வபாயம் இல்லை. கைப்பிடியை விட்ட 3 நொடிகளுக்குள் அலகு நின்றுவிடவேண்டும் என்று அமெரிக்க நாட்டில் 1982இல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. அவ்விதி, இயங்கும் யந்திரத்தினின்று காப்பது. நின்ற யந்திரத்தை எழுப்புபவனை அது காவாது.

பழைய கார்களை இரும்புக் கைப்பிடியால் சுற்றி எழுப்பிய காலத்தில், அக்கைப்பிடி திடீரென எதிர்த்துச் சுழன்று மணிக்கட்டை முறிப்பது உண்டு. ஆதலின் கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடிக்கக் கற்பித்தனர். 1912இல் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின் ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் வந்தபின் அவ்விடர் படிப்படியாய்க் குறைந்தது. யந்திரத்தைச் சீர்திருத்துதலால் விபத்தை ஒழிக்கலாம் என்பதற்கு இஃது ஓர் உதாரணம். எனினும் எல்லா இடர்களையும் இங்ஙனம் ஒழிக்க இயலாது; பழுது பார்ப்பவன் காப்புகளைக் கழற்றியே வேலை செய்யவேண்டியவன் அன்றோ?

மின்னாற்றல்

காரின் பாட்டரி 12 வோல்ட்டே. அது மனிதனை உலுக்காது. ஆதலால் அதனை எளிதாய் எண்ணுகிறோம். ஆனால் ஸ்பானரோ மோதிரமோ நேர்முனைக்கும் காரின் உடலுக்கும் இடையே பாலமாய் அமையின், பல நூறு ஆம்பியர் மின்னோட்டம் அதன் வழியே பாய்ந்து அதனைச் சுட்டுச் சிவக்கச் செய்யும். காரின் உடல் எதிர்முனையோடு இணைக்கப்பட்டிருத்தலின், கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் கொள்ளல் வேண்டும் என்பது விதி. எதிர்முனை கழன்றபின் ஸ்பானர் உடலைத் தீண்டினும் மின்சுற்று நிறைவுறாது. காரணம் அறிந்தவன் இவ்விதியை மறவான். மனப்பாடம் செய்தவனோ அவசரத்தில் மாற்றிச் செய்வான். மின்னேற்றும்போது பாட்டரியினின்று ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே தீப்பற்றும். ஒரு சிறு பொறி பாட்டரியை வெடிக்கச் செய்து அமிலத்தைக் கண்ணில் தெளிக்கும்.

வீட்டுச் சமையலறையிலுள்ள மைக்ரோவேவ் அடுப்பின் கண்டென்ஸர் ஏறத்தாழ 2000 வோல்ட் அளவில் மின்னைத் தேக்குவது. சுவரினின்று பிளக்கை எடுத்த பின்னும் அஃது அதனுள் எஞ்சியிருக்கலாம். பாட்டரியால் ஓடும் புதிய மின்சாரக் கார்கள் பலவற்றில் 400 வோல்ட் அளவுண்டு. அவை நிற்கும்போதும் ஓசையில்லை, ஓடத் தொடங்கும்போதும் பழைய யந்திர இரைச்சல் இல்லை. அவற்றின் ஆரஞ்சு நிறக் கம்பிகளைப் பயிற்சியில்லாதார் தொடலாகாது.

மின்சாரம் நின்றபோது சிலர் ஜெனரேட்டரை வீட்டுக் கம்பிகளோடு நேரே இணைத்துவிடுகின்றனர். வெளிக்கம்பியைத் துண்டிக்காவிடின் அந்த மின்சாரம் தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மரினுள் எதிர்வழியாய்ப் புகுகிறது. 11,000 வோல்ட்டை 230 ஆகக் குறைக்கும் அதே கருவி, 230ஐ மீண்டும் 11,000 ஆக உயர்த்திவிடும். கம்பத்தின் மேலே, கம்பி உயிரற்றது என்று நம்பிக் கை வைக்கும் தொழிலாளி நமக்கு முகமறியாதவர். நமது வீட்டில் விளக்கெரியவேண்டும் என்றே மழையில் ஏறியவர். நம் அஜாக்கிரதையின் விலையை நாமே கொடுப்போம் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை.

ஆவியும் புகையும்

பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. அது மேலே சென்று கலைந்துவிடாமல் தரையிற் படர்ந்து, பட்டறைக் குழிகளில் தேங்கும். இங்கே சிந்திய பெட்ரோலுக்கு அங்கே, சற்றுத் தொலைவிலுள்ள ஒரு விளக்கு தீ மூட்டுகிறது. மூடிய கொட்டகையில் யந்திரத்தை ஓடவிட்டுச் சோதிப்பதோ இன்னும் வஞ்சகமான அபாயம். புகையிலுள்ள கார்பன் மானாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அஃது ஆக்ஸிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இரத்தத்தோடு சேர்கிறது. தலைவலியும் சோர்வும் தோன்றும்போதே கால்கள் வலுவிழந்துவிடும். கதவு பத்தடி தூரத்தில் இருந்தும் அடைய முடியாது.

பூட்டுதலில் நேரும் பிழை

கழற்றும்போது நேரும் பிழை செய்பவனையே பெரும்பாலும் தாக்கும். திரும்பப் பூட்டும்போது நேரும் பிழை, நம்பி ஏறுபவர்களைத் தாக்கும். 1990ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், இங்கிலாந்திலுள்ள பர்மிங்ஹாமினின்று புறப்பட்ட ஒரு விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பறந்துபோயிற்று. விமானத் தலைவர் பாதி உடலோடு வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர் அவருடைய கால்களைப் பற்றிக்கொண்டிருக்க, துணை விமானி சௌதாம்ப்டன் நகரில் விமானத்தை இறக்கினார். வியப்பாக, ஒருவரும் இறக்கவில்லை. காரணம் யாது? அப்பயணத்திற்குமுன் புதுக் கண்ணாடி பொருத்தியபோது, ஏட்டைப் பாராமல், பழைய போல்ட்டோடு கண்ணளவில் ஒப்பிட்டுப் புதியவை எடுக்கப்பட்டன. 90 போல்ட்டுகளுள் 84, விட்டத்தில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 26 பங்கு குறைந்தவை.

1988 ஜூலை 6ஆம் நாள் வடகடலில் பைப்பர் ஆல்பா என்னும் எண்ணெய் மேடையில் நேர்ந்ததோ அத்துணை நற்பேறுடையதன்று. ஒரு பம்ப்பின் காப்பு வால்வு பழுதுபார்த்தற்காகக் கழற்றப்பட்டு, அவ்விடம் தற்காலிகத் தகட்டினால் மூடப்பட்டிருந்தது. இரவு வேலைக்கு வந்தோர் அதனை அறியார். மற்றொரு பம்ப் நின்றுவிடவே இதனை ஓட்டினர். வாயு கசிந்து தீப்பற்றிற்று. 167 பேர் மாண்டனர். ஒரு முறையிலிருந்தவர் அடுத்த முறையினர்க்குச் சொல்லவேண்டிய ஒரு செய்தி சென்று சேராமையே அத்தீயின் தொடக்கம். பழுது பார்ப்பவன் மின் விசையைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் வழக்கமும், "வேலை நடைபெறுகிறது, தொடாதே" என்று அட்டை கட்டும் வழக்கமும் இத்தகைய மறதியை வெல்லுதற்கே ஏற்பட்டன. சிறிய பட்டறையிலும் ஓர் அட்டையும் ஒரு கயிறும் கிடையாமற் போகா.

தப்பிய விபத்தின் பயன்

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்பது நம் பழமொழி. ஆறுதலுக்கு அது நல்ல மொழி. ஆனால் அவ்வாறு கூறிச் சிரித்து மறந்துவிடுவதிலேதான் கேடு இருக்கிறது. தலைப்பாகையைக் கொண்டுபோனது எதுவோ அது மீண்டும் வரும்; அடுத்த முறை சற்றுத் தாழ வரக்கூடும். ஹெயின்ரிக் என்னும் அமெரிக்க இன்ஷூரன்ஸ் அறிஞர் 1931இல் வெளியிட்ட நூலில், ஒரே வகையான 330 நிகழ்ச்சிகளுள் 300இல் ஒருவருக்கும் காயமில்லை, 29இல் சிறுகாயம், 1இல் பெருங்காயம் என்று கணக்கிட்டார். அவ்வெண்கள் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தா எனப் பிற்காலத்தார் மறுத்துள்ளனர். எனினும் காயமின்றித் தப்பிய நிகழ்ச்சியும் ஒரு பாடமே என்னும் கருத்து நிலைபெற்றுவிட்டது. வானூர்தித் துறையில், தப்பிய விபத்துகளைத் தம் பெயர் வெளிப்படாமல் அறிவிக்கும் ஏற்பாடு ஒன்று அமெரிக்காவில் 1976 முதல் நடைபெறுகிறது. தண்டனைக்கு அஞ்சாமல் உண்மை கூற இடமிருப்பின் மக்கள் கூறுவர் என்பதே அதன் அடிப்படை.

நமது பட்டறைகளிலோ பெரும்பாலும் இதற்கு மாறான நிலைமையே காணப்படுகிறது. "அண்ணே, நட்டு ஒன்றை முறுக்க மறந்துவிட்டேன்" என்று கூறும் சிறுவன் வசை பெறுகிறான். கூறாது மறைப்பவன் தப்புகிறான். தவறு கூறியவனை அடிக்கும் பட்டறையில் தவறு குறைவதில்லை. தவறைக் கூறுவோரே குறைவர். முறுக்கப்படாத அந்நட்டோ வண்டியோடு சாலைக்குப் போய்விடுகிறது. தொழில் கற்பிக்கும் ஆசிரியர்களும், பணிமனைகளை நடத்தும் நம் பழைய மாணவர்களும் இதனைச் சிந்தித்தல் நலம்.

மாணவ நண்பர்களே! யந்திரத்தின் முன் குனியுமுன் மூன்று வினாக்களை வினவுங்கள். இதனுள் எந்த ஆற்றல் இன்னும் அடங்கியிருக்கிறது? அதனை வெளியேற்றவோ கட்டவோ யான் செய்தது என்ன? யான் அறியாமல் வேறொருவர் இதனை இயக்கக் கூடுமோ? மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். பூட்டி முடித்தபின் கருவிகளை எண்ணுங்கள். தப்பிய நாளில், தப்பியதை நண்பரிடம் ஒளிக்காமற் கூறுங்கள். அதனைக் கேட்டவர் நகையாது நினைவிற் கொள்க. பழுதுபட்ட யந்திரத்திற்கு மாற்றுறுப்பு கடையிற் கிடைக்கும். அதனைப் பழுது பார்க்கும் விரல்களுக்கு எக்கடையிலும் கிடையாது.