ஆயாவா, காப்பகமா?

கேள்வி: மகனுக்கு ஆறு மாதம். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறேன். வீட்டில் ஆயா வைப்பதா, காப்பகத்தில் விடுவதா?
- வாசகி, சென்னை

பதில்: முதலில் உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது. பால் கொடுக்கும் தாய்க்கு இது பெரிய உதவி.

அது அமையாவிட்டால், பாட்டியோ தாத்தாவோ கூட இருக்கும் வீட்டுக்கு ஆயாதான் நல்லது. காப்பகத்தில் சளியும் காய்ச்சலும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். பெரியவர் யாரும் இல்லையா? பேசத் தெரியாத பிள்ளையைத் தனியாக ஒருவரிடம் விட எனக்கு மனம் ஒப்பாது. பலர் கண்ணில் படும் காப்பகமே மேல். சேர்க்குமுன் ஒரு மதியம் சொல்லாமல் போய்ப் பாருங்கள். ஒருவர் கையில் மூன்று கைக்குழந்தைகளுக்கு மேல் இருந்தால் அங்கே சேர்க்காதீர்கள்.