பச்சோந்திக் குட்டிக்குத் தண்ணீர்: வளர்க்கப் புறப்படும் மும்பைப் பிள்ளைகளுக்கு

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று எங்கிருந்து வந்தாலும், பச்சோந்தி வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் கேட்பது தீனியைப் பற்றித்தான். தண்ணீரைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். கடலோரத்து ஊர், எந்நேரமும் கசகசப்பு, இங்கே ஈரத்துக்கு என்ன பஞ்சம் என்ற நினைப்பு. அந்த நினைப்பே குட்டிக்கு எமன். காற்று ஈரமாக இருப்பது வேறு, கூண்டு நனைந்து கிடப்பது வேறு, குட்டி தண்ணீர் குடிப்பது வேறு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

1. முதலில், எந்தக் குட்டி என்று பாருங்கள். நம் நாட்டுப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. ஊர்ப்பக்கம் வேலியில் பிடித்தது, யாரோ பையில் கொண்டுவந்து விற்றது எதுவானாலும் வீட்டில் வைத்திருப்பது குற்றம். கண்ணில் பட்டால் மகாராஷ்டிர வனத்துறையின் 1926 எண்ணுக்குச் சொல்லுங்கள். வளர்ப்புக்கு விற்கப்படுபவை ஏமன் பகுதியைச் சேர்ந்த வெயில்டு பச்சோந்தி, மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தி போன்றவை. இவை, வன உயிர்களின் நாடுகடந்த வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. 2024-ல் வந்த விதிகளின்படி இவற்றை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 தளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவரிடம் காகிதம் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் நிரம்பாத குட்டியையும் வாங்க வேண்டாம். உடம்பு சிறிதாக இருக்க இருக்க, அது சீக்கிரம் வற்றும்.

2. கிண்ணத்தை வெளியே எடுங்கள். பச்சோந்தி மரத்தில் வாழ்கிற பிராணி. இலையில் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிக் குடித்தே பழகியது. அசையாமல் கிடக்கும் தண்ணீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கிண்ணம் நிறைந்திருக்கப் பக்கத்திலேயே தாகத்தில் வாடும். சின்னக் குட்டி கிண்ணத்தில் தவறி விழுந்தால் மூழ்கவும் கூடும்.

3. காலையில் விளக்குப் போடுவதற்கு முன்பும், மாலையில் விளக்கை அணைத்த பின்பும் தெளியுங்கள். நுண்ணிய துளியாக வரும் ஸ்பிரே பாட்டில் போதும். இலைகள் நனைந்து, நுனியில் துளி திரளும்வரை தெளிக்க வேண்டும். நாலு தடவை அமுக்கிவிட்டு வேலைக்கு ஓடினால், இலை நனையும். குட்டிக்குத் தாகம் தீராது. நேராக முகத்தில் அடிக்காதீர்கள். எரிகிற பல்பின் மேல் தண்ணீர் படவே கூடாது, வெடித்துவிடும்.

4. இரண்டு தெளிப்புக்கும் நடுவில் கூண்டு நன்றாகக் காயட்டும். நாள் முழுக்க ஈரம் நின்றால் பூஞ்சையும் கிருமியும் பிடிக்கும். தோல் புண்ணாகும், மூச்சுப்பை கெடும். அதனால் கண்ணாடித் தொட்டியைவிட நாலு பக்கமும் வலை அடித்த கூண்டு மும்பைக்கு ஏற்றது. அடியில் மண்ணோ தேங்காய் நாரோ நிரப்பாமல், தண்ணீர் வடிந்து இறங்க ஒரு தட்டு வைத்து, தினமும் அதைக் கொட்டிவிடுங்கள்.

5. பகலில் சொட்டுத் தண்ணீர் கொடுங்கள். வெளிநாட்டு டிரிப்பருக்குக் காசு அழ வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் புதிய சலைன் செட் ஒன்றை வாங்கி, சுத்தமான தண்ணீர் பாட்டிலில் பொருத்திக் கூண்டுக்கு மேலே தொங்கவிடுங்கள். அதிலுள்ள சின்னச் சக்கரத்தைத் திருகினால், ஒரு விநாடிக்கோ இரண்டு விநாடிக்கோ ஒரு சொட்டு என்று அமைத்துக்கொள்ளலாம். சொட்டு இலையில் விழுந்து தெறித்து மின்ன வேண்டும். அந்த மினுமினுப்பைப் பார்த்தால்தான் குட்டிக்கு நாக்கு நீளும். ஊசி முனையைக் கழற்றி எறிந்துவிட மறக்காதீர்கள்.

6. பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள். குடிக்கத் தொடங்கவே சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஆள் நின்றால் அப்படியே உறைந்துவிடும். ஒரே அறையில் ஆறு பேர் புழங்கும் கோலியில் இது கஷ்டம், எனக்குத் தெரியும். கூண்டின் மூன்று பக்கத்தில் பழைய சேலையைத் தொங்கவிட்டு, ஆள் நடமாட்டத்துக்கு மேலே, கண் மட்டத்துக்கும் உயரமாக வையுங்கள். உயரத்தில் இருந்தால் அதற்குத் தைரியம் வரும்.

7. உயிருள்ள செடி வையுங்கள். பிளாஸ்டிக் இலையில் தண்ணீர் வழுக்கி ஓடிவிடும். மணி பிளான்ட், செம்பருத்தி இரண்டும் எந்தச் சால் குடியிருப்பிலும் பால்கனியிலும் வளரும். நர்சரியில் வாங்கியதில் பூச்சிமருந்து இருக்கும். இலையைப் பலமுறை கழுவி, சில வாரம் தனியே வைத்த பிறகே கூண்டுக்குள் விடுங்கள். வெயில்டு பச்சோந்தி இலையையும் கடித்துத் தின்னும்.

8. மாநகராட்சித் தண்ணீர் போதும். குளோரின் வாடை அடித்தால், காலையில் குழாய் வரும் நேரத்தில் பிடித்த தண்ணீரை வாய் அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் அடங்கும். டேங்கர், போர்வெல் தண்ணீர் இலையில் வெள்ளையாக உப்புப் படியவிடும். ஸ்பிரே முனையையும் அடைக்கும். ஸ்பிரே பாட்டிலில் பழைய தண்ணீரை வைத்திருக்காதீர்கள். வாரம் ஒருமுறை பாட்டிலையும் குழாயையும் வெந்நீரில் கழுவிக் காயவையுங்கள். கடைக்காரர் சொன்னார் என்று குளுக்கோஸ், தேன், வைட்டமின் சொட்டு எதையும் தண்ணீரில் கலக்க வேண்டாம்.

9. மாதத்துக்கு ஏற்ப மாறுங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை. அப்போது இரவுக் காற்றே ஈரம் சுமந்து வரும். புகைபோல் ஈரம் கக்கும் ஃபாகர் மெஷின் தேவையில்லை. குடிப்பதற்கான துளிகளை மட்டும் கொடுத்து, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் தாராவியின் தகரக் கூரைக்கு அடியில் மதியம் சூளைபோல் கொதிக்கும். பல்பை அணைத்து, கூண்டைக் கூரையிலிருந்து இறக்கி, சொட்டை நிறுத்தாமல் விடுங்கள். செம்பூர் ஃபிளாட்டுக்காரர்களுக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். இரவெல்லாம் ஏசி ஓடும் அறை, வெளியே எவ்வளவு கசகசத்தாலும், உள்ளே வறண்டுதான் கிடக்கும். ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டரை ஜன்னலில் மாட்டாமல் கூண்டுக்குள் மாட்டுங்கள்.

10. எச்சத்தைப் பாருங்கள். பச்சோந்தி சிறுநீரைப் பெரும்பாலும் தண்ணீராகக் கழிப்பதில்லை; எச்சத்தோடு யூரேட் என்ற கெட்டிப் பொருளாகத் தள்ளும். அது வெள்ளையாக இருந்தால் நல்லது. மஞ்சள் ஏறினால் தண்ணீர் குறைவு. அடர்ந்த ஆரஞ்சாகவே தொடர்ந்து வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். கண் குழி விழுவது, தோல் சுருங்கி மடிப்பு நிற்பது, பகலிலேயே கண்ணை மூடிக்கிடப்பது எல்லாம் பின்னால் வரும் அறிகுறிகள். இந்த வறட்சி நீண்டால் சிறுநீரகம் கெடும். தினமும் காலையில் எச்சத்தின் நிறத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். வாய் பேசாத பிராணிக்கு அதுதான் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்.

11. வாயைத் திறந்து ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாசல் வாய்க்குள் முன்பக்கமே இருக்கிறது. சிரிஞ்சால் பீச்சினால் தண்ணீர் நேரே அங்கே போகும். இலை நுனியில் ஒரு துளியைத் தொங்கவிட்டு மூக்கருகே காட்டுங்கள், தானாக நக்கினால் சரி. பக்கெட்டில் முக்கி எடுப்பதும் கூடாது. அதற்கு அது சித்திரவதை. ஒருநாளைக்கு மேல் சோர்ந்து கிடந்தால் மருத்துவரிடம் போங்கள். நாய், பூனை பார்க்கும் எல்லா டாக்டரும் ஊர்வன பார்ப்பதில்லை. குட்டியை வாங்கும் முன்பே, பார்க்கக்கூடியவர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள்.

12. தீனிக்கும் தண்ணீர் கொடுங்கள். காய்ந்த தவிட்டில் கிடந்த புழுவைப் போட்டால் குட்டியின் வயிற்றில் வறட்சிதான் சேரும். சில்வண்டுக்கும் புழுவுக்கும் முந்தின நாளே கேரட், பூசணி, முருங்கைக்கீரை கொடுங்கள். அந்த ஈரத்தில் ஒரு பங்கு குட்டிக்குப் போய்ச் சேரும்.

13. மே மாத லீவைப் பற்றி இப்போதே யோசியுங்கள். டிக்கெட் கிடைத்ததும் குடும்பத்தோடு திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ கிளம்பிவிடுவீர்கள். ஒரு நாளுக்கு மேல் ஓடும் அந்த ரயிலில் குட்டியைக் கொண்டுபோக முடியாது. சொட்டு பாட்டிலை நிரப்பிவிட்டுப் பூட்டிப் போகவும் முடியாது. பக்கத்துக் கோலியில் ஒருவருக்குத் தெளிக்கவும், காயவிடவும், எச்சத்தின் நிறம் பார்க்கவும் சொல்லிக்கொடுத்து, உங்கள் கண் முன்னாலேயே ஒரு வாரம் செய்ய விடுங்கள். அப்படி ஒரு ஆள் கிடைக்காவிட்டால், குட்டி வாங்குவதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.