பாடங்களுக்கு ஓர் இணைய வாசல்

பல்கலைக்கழகத் துறை ஒவ்வொன்றிலும் ஒரே பருவத்தில் பல பாடங்கள் நடைபெறுகின்றன. விரிவுரைக் குறிப்புகளை வழங்குதல், இடுபணிகளைப் பெறுதல், புள்ளிகளைத் தெரிவித்தல், ஐயங்களுக்கு விடையளித்தல் எனப் பணிகள் பலவாகும். இவற்றை ஒரே இணையத்தளத்தில் ஒருங்கிணைப்பதே இணையவழிப் பாட நிர்வகிப்பு முறைமையாகும்.

இத்தகைய முறைமைகளுள் முன்னோடியான ஒன்று கனடாவில் உருவானது. 1990களின் நடுப்பகுதியில், வான்கூவர் நகரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறையில் மரே கோல்ட்பெர்க் என்பவர் கற்பித்து வந்தார். தம் பாடத்தை இணையத்தில் ஏற்ற முனைந்தபோது, ஒரு பாடத்திற்கே மிகுந்த உழைப்பு தேவைப்படுவதை அவர் கண்டார். கணினித் துறையினருக்கே இந்நிலை என்றால், வரலாறோ இலக்கியமோ கற்பிப்பவர் என்ன செய்வார்? ஆகவே, நிரல் எழுதத் தெரியாதவரும் பாடத்தளம் அமைப்பதற்கு உதவும் கருவியை அவர் உருவாக்கினார். அதுவே வெப்சிடி.

அக்கருவி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள கர்ட்டின் பல்கலைக்கழகத்திலும் பயன்பட்டது. அங்கு அதனை நிர்வகித்து வந்தவர்களுள் ஒருவர் மார்ட்டின் டூகியாமாஸ். இவர் மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் வளர்ந்தவர். சிறுவயதில் சிற்றலை வானொலி வழியாகப் பாடம் கற்றவர். மாணவர்கள் குறிப்புகளைப் படிப்பதோடு நில்லாமல், ஒருவரோடு ஒருவர் கலந்துரையாடிக் கற்க வேண்டும் என்பது இவர் கருத்து. அதன் அடிப்படையில் இவர் உருவாக்கிய மூடுல் எனும் முறைமையின் முதல் பதிப்பு 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளிவந்தது. அது திறந்த மூல மென்பொருள் என்பதால், எந்தக் கல்விக்கழகமும் அதனைக் கட்டணமின்றிப் பெற்றுத் தன் தேவைக்கேற்ப மாற்றியமைத்துக்கொள்ளலாம்.

இவ்விருவரும் பயனரின் தேவையிலிருந்தே தொடங்கினர். ஒரு துறை தனக்கென ஒரு முறைமையை உருவாக்கும்போதும் முதற்படி தேவைப் பகுப்பாய்வுதான். மாணவர், விரிவுரையாளர், அலுவலகப் பணியாளர் ஆகிய மூவரிடமும், “இப்போது உங்களுக்கு எது கடினமாக உள்ளது?” என்று கேட்டறிய வேண்டும்.

அடுத்தது வடிவமைப்பு. மாணவர் விவரம், பாட விவரம், புள்ளிகள் ஆகியவை தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகின்றன. அவற்றுள் எதனை யார் காணலாம், யார் மாற்றலாம் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். மாணவர் தம் புள்ளிகளை மட்டுமே காண முடியும். விரிவுரையாளர் தாம் கற்பிக்கும் பாடத்தின் புள்ளிகளை மட்டுமே பதிவுசெய்ய முடியும். அனுமதி ஒன்று தவறினால், ஒரு மாணவரின் தோல்வி வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடும்.

இடுபணி வந்துசேர்ந்ததும், நாளும் நேரமும் குறித்த ஒப்புகையை முறைமை வழங்க வேண்டும். அது இல்லையெனில், குறித்த நேரத்தில் அனுப்பிய மாணவர் அதனை மெய்ப்பிக்க இயலாமல் புள்ளிகளை இழக்க நேரிடலாம். தரவுகளின் காப்புப்படியையும் வேறோர் இடத்தில் நாள்தோறும் சேமித்து வைப்பது இன்றியமையாதது.

முறைமையை உருவாக்கிய பின், உடனே எல்லாப் பாடங்களுக்கும் அதனை விரிவுபடுத்துதல் நன்றன்று. முதலில் ஒரு வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திப் பார்த்து, குறைகளைக் களைய வேண்டும். இச்சோதனையை வளாகத்தின் விரைவான இணைய இணைப்பில் மட்டும் செய்தால் போதாது. ஊரகத்தில், இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படும் இடத்தில், பழைய கைப்பேசியைக் கொண்டு படிக்கும் மாணவரும் துறையைச் சேர்ந்தவரே. அவரும் தம் இடுபணியைத் தடையின்றி அனுப்ப முடிந்தால்தான் அந்த முறைமை துறையின் எல்லா மாணவர்களுக்கும் உரியதாகும்.